பூக்கட்டும்போது சாமி பக்கத்தில் இருப்பதாகத் தோன்றுகிறதே, உங்களுக்கும் உண்டா?

வைகறை எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். கும்பகோணம் பக்கத்தில் ஒரு பழைய சிவன் கோயிலில் காலையில் பூப்பறித்துக் கட்டிக் கொடுக்கிறேன். சம்பளத்துக்குச் செய்கிற வேலை இல்லை. நான் பணி ஓய்வு பெற்ற சமயத்தில், நந்தவனத்தைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை என்று குருக்கள் வருத்தப்பட்டார். நான் வருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

சன்னதியில் கைகூப்பி நிற்கும்போது எனக்கு மனம் நிற்பதில்லை. தீபாராதனை காட்டுகிற அந்த அரை நிமிஷத்தில்கூட, கேஸை அணைத்தோமா, பையன் போன் பண்ணினானா என்று எங்கேயாவது ஓடும். அதே மனம் நந்தவனத்துக்குள் கால் வைத்ததும் அடங்கிவிடுகிறது. இருட்டுப் பிரியாத நேரத்தில் பவளமல்லி மரத்தடியில் வெள்ளையாக உதிர்ந்து கிடக்கும். மற்றப் பூக்கள் தரையில் விழுந்தால் பூசைக்கு ஆகாது. பவளமல்லிக்கும் மகிழம்பூவுக்கும் மட்டும் அதில் விலக்கு உண்டு என்று பெரியவர்கள் சொல்வார்கள். அதைக் குனிந்து பொறுக்கும்போதும், பிறகு மண்டபத்தில் உட்கார்ந்து நந்தியாவட்டையை இரண்டிரண்டாக நாரில் வைத்து முடிச்சுப் போடும்போதும், பக்கத்தில் ஒருவர் இருக்கிறார் என்பது எனக்கு அத்தனை உறுதியாகத் தெரிகிறது. பயமில்லை, பரவசமும் இல்லை. அம்மா அடுக்களையில் இருக்கிறாள் என்று தெரிந்து கூடத்தில் விளையாடும் குழந்தைக்கு இருக்கிற நிம்மதி மாதிரி.

இது பூவால் வருகிறதா, கைவேலையால் வருகிறதா? செடிக்கு நடுவில் சும்மா உட்கார்ந்தாலும் வருமா? கடையில் வாங்கின பூவைக் கட்டினாலும் வருமா? உங்களுக்கு நேர்ந்ததைச் சொல்லுங்கள்.


சந்தேகம் எழுதியது:

வணக்கம் அம்மா. குறுக்கே பேசுவதாக நினைக்க வேண்டாம், உங்கள் அனுபவத்தை மதிக்கிறேன். ஆனால் ஒரே மாதிரி அசைவைக் கை திரும்பத் திரும்பச் செய்தால் மனம் அடங்குவது இயல்புதானே. கம்பளி பின்னுகிறவர்களுக்கும், எம்பிராய்டரி போடுகிறவர்களுக்கும், ஏன், முருங்கைக்கீரை ஆய்கிறவர்களுக்கும் அந்த அமைதி உண்டு. அதற்குக் கடவுளைக் கூப்பிட வேண்டுமா?


பனங்காடு எழுதியது:

சந்தேகம் அண்ணாச்சி சொல்வதில் பாதி சரி. கை அசைந்தால் மனம் அடங்கும். ஆனால் அடங்குவது வேறு, அடங்கின பிறகு அங்கே யாரைச் சந்திக்கிறோம் என்பது வேறு.

நான் தூத்துக்குடி மாவட்டம், கடற்கரைப் பக்கம். கத்தோலிக்கர். எங்கள் பக்கம் பனைதான் எல்லாம். மணப்பாட்டில் இன்றைக்கும் பெண்கள் பனையோலைப் பெட்டி முடைகிறார்கள். என் பாட்டியும் முடைந்தவர்தான், நானும் அவரிடம்தான் கற்றேன். குருத்தோலையை வெயிலில் காயவைத்து, ஈர்க்கை உரித்துவிட்டு, ஒரே அகலமாகக் கிழிக்க வேண்டும். காய்ந்த ஓலை அப்படியே வளையாது. தண்ணீர் தெளித்துத் துணியில் சுற்றி வைத்தால் பதத்துக்கு வரும். கொஞ்சம் அதிகமாக நனைந்தால் பூஞ்சை பிடிக்கும். ஓலை பதத்துக்கு வருகிறவரை உட்கார்ந்திருக்க வேண்டும். அவசரப்பட்டால் முறியும். பாட்டி அந்த நேரத்தில்தான் ஜெபமாலை சொல்வார்.

நீங்கள் சொன்ன கம்பளி நூல் கடையிலிருந்து வருகிறது. ஓலை மரத்திலிருந்து வருகிறது, எந்த மரம் என்றும் தெரியும். குருத்தை அளவுக்கு மேல் வெட்டினால் மரம் நலிந்துபோகும் என்பதால், ஏறுகிறவர் ஒரு மரத்தில் ஒன்றோ இரண்டோதான் எடுப்பார். ஆக, பெட்டி முடைவதற்கு முன்பே ஒரு மரத்திடம் கேட்டு வாங்கியிருக்கிறோம். அந்த மரத்தை நான் நடவில்லை, என் அப்பாவும் நடவில்லை. பனை காய்ப்புக்கு வரவே பத்துப் பதினைந்து வருஷத்துக்கு மேல் ஆகும். எவரோ நட்டது, எவரோ மழை கொடுத்தது. கையில் ஓலையைப் பிடித்திருக்கும்போது இதை மறக்க முடியாது.

குருத்தோலை ஞாயிறன்று அதே ஓலையில் சிலுவை மடித்துப் பவனி போவோம். அந்தச் சிலுவை வருஷம் முழுக்க வீட்டுப் பீடத்தில் இருந்து காயும். அடுத்த தவக்காலத்துக்கு முன் கோயிலில் அவற்றையெல்லாம் சேர்த்து எரித்து, விபூதிப் புதனன்று அந்தச் சாம்பலைத்தான் சாமியார் எங்கள் நெற்றியில் பூசுகிறார். மரத்தில் இருந்தது, என் கையில் மடங்கினது, கடைசியில் என் நெற்றிக்கே சாம்பலாக வருகிறது. நான் செய்த ஒரு பொருள் எனக்குச் சாவை நினைவூட்டுகிறது. கீரை ஆய்வதில் இது இல்லை அண்ணாச்சி.


வில்லிபுத்தூரான் எழுதியது:

அருமை பனங்காடு. எங்கள் ஊர் விஷயம் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாளின் இடக்கையில் ஒரு கிளி இருக்கும். பலர் அதைத் தங்கமோ வெள்ளியோ என்று நினைத்துக்கொண்டு வருகிறார்கள். அது இலையாலும் பூவாலும் செய்தது. மூக்குக்கு மாதுளம்பூ. உடலுக்கு மரவள்ளி இலை. இறகுக்கு நந்தியாவட்டை இலையும் பனையோலையும். வாலுக்கு அரளி மொட்டு. கண்ணுக்குக் காக்காப்பொன், அதாவது மைக்கா. கட்டுவதெல்லாம் வாழைநாரில். சில மணி நேர வேலை. அதைவிட முக்கியம், ஒவ்வொரு நாளும் புதிதாகச் செய்ய வேண்டும். நேற்றுச் செய்தது இன்று ஆகாது. பரம்பரையாக இதைச் செய்கிற குடும்பத்துக்கு, நேற்றையதைவிட இன்று நன்றாக வந்தது என்று எடுத்து வைத்துக்கொள்ள ஒன்றும் மிஞ்சாது. சாற்றிக் களைந்த கிளி எந்தப் பக்தருக்குக் கிடைக்கிறதோ அவர் பாக்கியம்.

சிற்பி கல்லில் செய்தால் ஆயிரம் வருஷம் நிற்கும், பெயரும் நிற்க வாய்ப்புண்டு. இலைக்கிளி செய்கிறவர் ஒரே நாளில் வாடுகிற பொருளில் அத்தனை நுணுக்கத்தையும் கொட்டுகிறார். அழியப்போவது தெரிந்தும் அரைகுறையாகச் செய்யாத கையை எங்கே பார்த்தாலும் எனக்குக் கும்பிடத் தோன்றும். வைகறை அம்மா கேட்டதற்கு என் பதில் இதுதான்: பூவாலும் வரவில்லை, வேலையாலும் வரவில்லை, நாளைக்கு இருக்காது என்று தெரிந்தே கொடுப்பதால் வருகிறது.

இன்னொன்று. பெரியாழ்வார் நந்தவனம் வைத்து மாலை கட்டினவர். மகளைத் துளசிச் செடியடியில் கண்டெடுத்தவர். அந்த மகள் சூடிப் பார்த்த மாலையில் முடி இருந்ததைக் கண்டு, தோஷம் என்று ஒதுக்கிவிட்டுப் புது மாலை கட்டினார். பெருமாளோ அவள் சூடிக் களைந்ததையே கேட்டார். சுத்தமான பூவைவிட, மனுஷி தொட்டு அழகு பார்த்த பூ வேண்டும் என்பதுதானே அதன் பொருள். இன்றைக்கும் புரட்டாசிப் பிரம்மோற்சவ கருடசேவைக்குத் திருப்பதிக்கும், சித்திரையில் அழகர் ஆற்றில் இறங்குவதற்கு மதுரைக்கும் இங்கிருந்து ஆண்டாள் சூடின மாலை போகிறது.


மௌனகுரு எழுதியது:

நல்ல விவாதம். நான் மறுபக்கத்தைச் சொல்கிறேன், கோபிக்க வேண்டாம்.

தாயுமான சுவாமிகள் 18ஆம் நூற்றாண்டில் திருச்சியில் இருந்தவர். உன்னைப் பூசிக்கலாம் என்று மலரைப் பார்த்தால் அந்த மலருக்குள்ளும் நீயே இருக்கிறாய், பனி படர்ந்த அந்தப் பூவைப் பறிக்க எனக்கு மனம் வரவில்லை என்று பாடியிருக்கிறார். அதைப் படித்த பிறகு நான் பூப்பறிப்பதை நிறுத்திவிட்டேன். வீட்டில் செம்பருத்தி பூக்கிறது. காலையில் அதற்கு முன்னால் போய் நிற்கிறேன். சாயங்காலம் அது தானாகச் சுருங்குகிறது. அதற்குள் தேன்சிட்டு வந்து போகிறது, எறும்பு ஏறி இறங்குகிறது. அதுவே பூசை.

பூவில் கடவுளைக் காண்கிறேன் என்று சொல்லிக்கொண்டே அதன் காம்பைக் கிள்ளுவது எனக்குப் பொருந்தவில்லை. செடியில் இருக்கும் வரை அது வண்டுக்குச் சோறு. மாலையில் கட்டினால் நம் பக்திக்கு அலங்காரம். வைகறை அம்மா, உங்கள் கேள்வியிலேயே விடை இருக்கிறது. நந்தவனத்துக்குள் கால் வைத்ததும் மனம் அடங்கியது என்றீர்கள். அப்போது கை எதையும் பறித்திருக்கவில்லை.


வைகறை எழுதியது:

மௌனகுரு ஐயா, எழுதினதைப் படித்துவிட்டு இன்று காலை செடியருகே கொஞ்ச நேரம் சும்மா நின்றேன். உங்கள் பேச்சில் உண்மை இருக்கிறது. ஆனாலும் முழுக்க ஒப்புக்கொள்ள முடியவில்லை. காரணம் சொல்கிறேன்.

திருப்புகலூரில் முருக நாயனார் என்று ஒருவர். அவர் செய்ததெல்லாம் பூப்பறித்து மாலை கட்டினது மட்டும்தான். அதற்காகவே அறுபத்துமூவரில் ஒருவர். விடியும் முன் நீராடி, கோட்டுப்பூ, கொடிப்பூ, நிலப்பூ, நீர்ப்பூ என்று நான்கு வகையையும் அலர்கிற பருவம் பார்த்து எடுத்துத் தனித்தனிக் கூடையில் வைப்பாராம். பிறகு இண்டையா, தொடையலா, கோவையா என்று அந்தந்தப் பூவுக்கு ஏற்றபடி கட்டுவாராம். எனக்கு இதில் பிடித்தது அந்தப் பருவம் பார்ப்பதுதான். எந்தப் பூ எப்போது விரியும் என்று தெரிய வேண்டுமானால், தினமும் போய்ப் பார்த்திருக்க வேண்டும். எந்தப் புதரில் பாம்பு இருக்கும், எந்தக் குளத்தில் ஆம்பல் எந்த மாசம் வரும், இதெல்லாம் தெரிந்திருக்க வேண்டும். பறிக்கிறவனுக்கே செடியை இத்தனை நெருக்கமாகத் தெரியும்.

பெரியபுராணத்தில் வருகிற கரூர் சிவகாமியாண்டார் பூப்பறிக்கும்போது மூச்சுக்காற்றுப் படாமல் வாயைத் துணியால் கட்டிக்கொள்வார். முகர்ந்து பார்க்கக் கூடாது என்பதும் விதி. நானும் அப்படித்தான் செய்கிறேன். முதலில் ஆசாரம் என்று மட்டும் நினைத்திருந்தேன். செய்யச் செய்ய வேறொன்று தெரிந்தது. மணத்தைக்கூட எனக்கென்று எடுத்துக்கொள்ளாமல் ஒரு பூவை அத்தனை கிட்டத்தில் பார்க்கும்போது அது முழுக்க இன்னொருவருடையதாக இருக்கிறது. வாயைக் கட்டியிருப்பதால் பேச்சும் இல்லை. அந்த நிசப்தம் எனக்கு வேறெங்கும் கிடைக்கவில்லை.

வண்டு விஷயம் நீங்கள் சொன்னது சரி. ஒரு செடியில் இருப்பதை முழுக்க வழிக்கக் கூடாது என்று குருக்களின் அம்மா சொல்வார். கிழக்குப் பக்கக் கிளையை நான் தொடுவதே இல்லை. அது தேனீக்கு.


மல்லிச்சரம் எழுதியது:

வணக்கம். நான் மதுரை. மாட்டுத்தாவணி மார்க்கெட்ல உதிரிப்பூ எடுத்து வந்து கட்டிக் குடுக்குறோம். எனக்கு உங்க மாதிரி எழுத வராது, பேசுற மாதிரியே எழுதுறேன்.

நீங்க எல்லாரும் சாமிக்காகக் கட்டுறீங்க. நான் கூலிக்குக் கட்டுறேன். மல்லி மொட்ட விடியுறதுக்கு முன்னாடி பறிச்சிடுவாங்க. அன்னிக்கி ராத்திரி அது விரிஞ்சிடும். அதுக்குள்ள கட்டி, ஆளு கைக்குப் போயிறணும். முகூர்த்த நாளுன்னா தூக்கமே கிடையாது. நார் இழுத்து இழுத்து ஆள்காட்டி விரல்ல கோடு விழுந்து கெடக்கு. இழுப்பு ஜாஸ்தியானா காம்பு அறுந்துரும், கம்மியானா பூ உருவிக்கிட்டு வந்துரும். எத்தன முழம் ஆச்சுங்கிறதுதான் மனசுல ஓடும். இதுல சாமி எங்க வரும்னு வேற யாரும் கேட்டிருந்தா கோவம்தான் வந்திருக்கும்.

ஆனா வைகறை அம்மா கேட்டதப் படிச்சதுல இருந்து ஒண்ணு நெஞ்சுக்குள்ளயே நிக்கிது. நான் கட்டுறது கோயிலுக்குப் போகுது, பொண்ணு மாப்பிள்ளைக்குப் போகுது, சாவு வீட்டுக்கும் போகுது. சாவு மால ஆர்டரு எந்நேரமும் வரும். செத்தது யாருன்னு தெரியாது. ஆம்பளையா பொம்பளையா, வயசானவங்களா சின்னப் புள்ளையா, ஒண்ணும் தெரியாது. ஒரு மணி நேரத்துல வேணும்பாங்க. அவசரத்துக்கு லேசா கட்டிக் குடுத்தாலும் யாரும் கேக்கப் போறதில்ல. எப்படியும் கொண்டுபோயி எரிக்கப் போறாங்க. ஆனா என் கை அப்படிக் கட்டாது. அவுங்களுக்கு இதுதான் கடைசி மால, ஒரு பூ உதிரக் கூடாதுன்னு இன்னும் நெருக்கமாத்தான் கட்டும். எங்கம்மாவும் அப்படித்தான். யாரும் சொல்லிக் குடுத்ததில்ல.

அந்த நேரத்துல தான் நீங்க சொல்ற அது எனக்கு வருது. கூட ஒரு ஆளு ஒக்காந்து பாக்குற மாதிரி. மீனாட்சிக்குன்னு கட்டும்போதுகூட எனக்கு அவ்வளவு வாறதில்ல. அவளுக்குக் கட்டிப்போட ஊரே இருக்கு. அந்தச் செத்தவங்களுக்கு அன்னிக்கி நான் மட்டும்தான் இருக்கேன்.

வேற பெருசா சொல்லத் தெரியல.


பனங்காடு எழுதியது:

அக்கா, உங்கள் பதிவை வீட்டில் சத்தமாக வாசித்துக் காட்டினேன். அடக்கத்துக்கு மலர்வளையம் வாங்கும்போது அதைக் கட்டின கையை நாங்கள் ஒருநாளும் நினைத்ததில்லை. இனி நினைப்போம், ஜெபத்திலும் சொல்வோம்.


சந்தேகம் எழுதியது:

மல்லிச்சரம் அக்கா எழுதினதற்கு என்னிடம் பதில் இல்லை. ஒரே அசைவு, அதனால் அமைதி என்றேன். ஆனால் ஒரே கை, ஒரே நார், ஒரே முடிச்சு, கல்யாண மாலையில் வராதது சாவு மாலையில் வருகிறது என்கிறார். என் விளக்கம் அதைத் தொடவில்லை. எனக்கு இன்னமும் கடவுள் என்று சொல்ல வாய் வரவில்லை. ஆனால் யாருக்காகச் செய்கிறோம் என்பதும் இதில் சேர வேண்டும் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.


ஆரல்காற்று எழுதியது:

நான் தோவாளை பக்கம். மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரம். எங்கள் ஊர் மாணிக்கமாலைக்கு 2025-இல் புவிசார் குறியீடு கிடைத்தது, பலர் செய்தியில் பார்த்திருக்கலாம். வெள்ளரளி, செவ்வரளி, பச்சைக்கு நொச்சி இலை. பூவை மடித்து மடித்து வரிசை பிடித்துத் தட்டையாகக் கட்டினால் மாணிக்கக் கல் பதித்த மாதிரி வரும். திருவனந்தபுரம் பத்மநாபசுவாமிக்குப் போகிற மாலை.

வில்லிபுத்தூராரிடம் ஒரு சின்ன மாறுபாடு. அழியப்போவது தெரிந்து கொடுப்பதுதான் காரணம் என்றீர்கள். எங்கள் ஊர்ப் பெரியவர்கள் மாலை போனபின் அதைப் பற்றிப் பேசவே மாட்டார்கள். அழிவதைப் பற்றிய ஏக்கமோ பெருமையோ அவர்களிடம் கிடையாது. அடுத்த வரிசையில் செவ்வரளி எத்தனை என்பதுதான் பேச்சு. ஒரு பூ தப்பினால் கோலம் முழுக்கச் சாயும். அந்த எண்ணிக்கையில் அவர்கள் கரைந்து போயிருப்பதை நான் பார்த்திருக்கிறேன். கூப்பிட்டால் காது கேட்காது. அப்போது அவர்கள் முகம் சன்னதியில் நிற்பவர் முகம்தான். தத்துவத்தை நாம் வெளியில் நின்று சொல்கிறோம், அவர்கள் பூவை எண்ணுகிறார்கள்.


மௌனகுரு எழுதியது:

வைகறை அம்மாவின் தேனீக் கிளையும் மல்லிச்சரம் அம்மாவின் கடைசி மாலையும் என்னை ரொம்ப யோசிக்க வைத்துவிட்டன.

திருவானைக்காவில் வெண்ணாவல் மரத்தடியில் நடந்தது நினைவுக்கு வந்தது. லிங்கத்தின் மேல் சருகு விழாமல் சிலந்தி தன் வாய்நூலால் பந்தல் நெய்தது. யானை தும்பிக்கையில் நீரும் பூவும் கொண்டுவந்து பூசித்தது. யானைக்குச் சிலந்தியின் நெசவு வெறும் அழுக்காகத் தெரிந்தது, அறுத்துப் போட்டது. சிலந்தி மறுபடி நெய்தது, யானை மறுபடி அறுத்தது. கடைசியில் சிலந்தி தும்பிக்கைக்குள் புகுந்து கடிக்க, இரண்டும் செத்தன. அந்தச் சிலந்திதான் கோச்செங்கட் சோழனாகப் பிறந்து, உயர்ந்த மேடைமேல் சன்னதி அமைந்த மாடக்கோயில்களைக் கட்டினது என்பது புராணம்.

நான் இத்தனை நாள் சிலந்தியின் கட்சி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அது எதையும் பறிக்கவில்லை, தன் உடம்பிலிருந்தே நூலெடுத்தது. ஆனால் உங்கள் மாலையை அழுக்கு என்று தள்ளின இடத்தில் நான் யானையாக அல்லவா இருந்திருக்கிறேன்! பறிக்க மாட்டேன் என்பதில் நான் மாறவில்லை. பறிப்பவர்களுக்கு அவன் தெரியமாட்டான் என்பதை மட்டும் இனிச் சொல்ல மாட்டேன்.


வில்லிபுத்தூரான் எழுதியது:

ஐயா, பறிக்க மனமில்லாதவர்களுக்கும் கைங்கரியம் உண்டு. நந்தவனத்துக்குத் தண்ணீர் ஊற்றலாம், களை எடுக்கலாம். அப்பர் சுவாமிகள் கையில் வைத்திருந்தது புல் செதுக்குகிற உழவாரம்தானே.


மூன்றாவது_மாடி எழுதியது:

நான் சென்னையில் அடுக்ககத்தில் இருக்கிறேன். மண் என்று இருப்பது தொட்டி மண்தான். படித்ததிலிருந்து நானும் வீட்டுச் சாமிக்காவது என் கையால் வளர்த்து, கட்டிப் போட வேண்டும் என்று இருக்கிறது. பால்கனியில் காலை வெயில் வரும். எதில் தொடங்கலாம்? நார் எங்கே கிடைக்கும்? சின்னக் குழந்தை இருக்கிறாள்.


வைகறை எழுதியது:

நல்ல விஷயம் மா. நந்தியாவட்டையில் தொடங்கு. குச்சியை வெட்டி நட்டாலே பிடித்துக்கொள்ளும், வருஷம் முழுக்கப் பூக்கும், தினமும் கொஞ்சமாவது கிடைக்கும். கூடவே ஒரு துளசி. மல்லி வைக்கலாம், ஆனால் தொட்டியில் பூப்பது சித்திரை வைகாசியில்தான் அதிகம்; பூத்து முடிந்ததும் கிளையை ஒட்ட வெட்டிவிட வேண்டும், இல்லாவிட்டால் இலைதான் வரும். அரளி வேண்டாம். அதன் பால், இலை எல்லாமே விஷம், குழந்தை வாயில் வைத்துவிடும். நந்தியாவட்டைக் காம்பிலும் பால் வடியும். அதனால் அந்தத் தொட்டியையும் குழந்தை கைக்கு எட்டாத இடத்தில் வை. பறித்தபின் பூவைக் கொஞ்ச நேரம் தண்ணீரில் போட்டு எடு, நீயும் கையைக் கழுவிக்கொள். நார் பற்றி மல்லிச்சரம்தான் சொல்ல வேண்டும்.


மல்லிச்சரம் எழுதியது:

தங்கச்சி, வாழநாரு பூக்கடையிலயே கேட்டா குடுப்பாங்க, கட்டா விக்கிறதும் உண்டு. காஞ்ச நார அப்படியே கிழிக்காத, சுள்ளுன்னு முறியும். தண்ணில நல்லா ஊறவிட்டு, ஈரத் துணியில சுத்தி வச்சிக்கிட்டு, வேணுங்கிறப்ப நகத்தால மெல்லிசா கிழிச்சுக்க. ரொம்ப மெல்லிசா போனா காம்ப அறுக்கும், பாத்துக்க. மொதல்ல இந்தப் பக்கம் ரெண்டு பூ, அந்தப் பக்கம் ரெண்டு பூ, காம்பும் காம்பும் பாக்குற மாதிரி வை. நார ஒரு சுத்து சுத்தி, வளையம் போட்டு, காம்பு மேல மாட்டி இழு. இழுக்குறப்ப பெருவெரலு பூவ அமுக்கக் கூடாது, காம்பத்தான் பிடிக்கணும். தொடக்கத்துல பூ உருவிக்கிட்டுத்தான் வரும். உருவுனதத் தூக்கிப் போடாம உதிரியா சாமி காலடியில போட்டுரு.

பாப்பாவுக்குக் கையில நாரக் குடு, அவளும் பழகட்டும்.